அக்காவுக்கும் எனக்கும் ஒரே வாசல்

சுவர் வெட்டும்போது கொட்டிய பழைய சுண்ணாம்புத் தூசியின் நெடி... இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது.

நெல்லியடியில் எங்கள் வீடு. அப்பா அதைச் சரிபாதியாகப் பிரித்து அக்காவுக்கும் எனக்கும் சீதனமாக எழுதியிருந்தார். வாசல் அக்காவின் பாதிக்குள் போய்விட்டது. நான் கல்யாணம் முடித்த கையோடு, வாசலில் யாருடைய செருப்பு எங்கே கிடக்கலாம் என்று தொடங்கிய சண்டை, இரண்டு பேரும் முகம் பார்க்காத அளவுக்கு முற்றிவிட்டது. சிரிக்காதீர்கள், வெறும் செருப்புத்தான்!

பொறுக்கமுடியாமல், என் பாதிக்குத் தனி வாசல் வெட்டச் சொன்னார் அப்பா. சாத்திரம் பார்த்துச் சாத்திரியார் காட்டிய இடம் யன்னலுக்குப் பக்கத்தில், ஒரு முழம்கூடத் தள்ளியில்லை. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். உள்ளே கம்பியும் இல்லை, கொங்கிறீட்டும் இல்லை.

கதவு நிலை வைத்த கிழமையே யன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பியது. நேராக ஏறாமல், ஏன் இது சரிந்து சரிந்து போகிறது? எனக்கு அதுதான் மண்டையைக் குடைந்தது. வெடிப்பு இன்னும் விரிகிறதா என்று பார்க்க, குறுக்கே ஒரு கடுதாசித் துண்டை ஒட்டி வைத்தேன். விடிய எழும்பிப் போனால், எனக்கு முன்னமே அக்கா அங்கே நிற்கிறாள்.

"கடுதாசி கிழிஞ்சுபோச்சடி," என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது.

இரண்டு பேருமாக நிலத்தில் குந்தியிருந்து, நெருப்புப்பெட்டிகளைச் சுவர்போல அடுக்கி, ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தோம். ஒரு ஓட்டை விட்டால், மேலே உள்ள பாரம் அதன் இரண்டு பக்கத்துக்கும் சரிந்து இறங்குகிறது; வெடிப்பும் அந்த வழியேதான் போயிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று விட்டால், இடையில் மிஞ்சிய பெட்டி சாய்ந்து எல்லாமே சரிகிறது.

"யன்னலின்ரை பாரமும் கதவின்ரை பாரமும் உந்தத் துண்டுச் சுவரிலைதானே நிக்குது," என்றாள் அக்கா. அது போனால் கூரை போகும்; அக்காவின் பாதியும் சேர்ந்து வரும்.

அப்பாவுக்கோ கதவை விட மனமில்லை. மூடினால் பிள்ளைகள் திரும்பவும் பிடுங்குப்படுவார்கள் என்ற பயம். நான்தான் சொன்னேன்: "அதை மூடிக் கட்டுங்கோ அப்பா. நான் அக்காவின்ரை வாசலாலையே போய்வாறன்."

அதற்குப் பிறகு வருடக்கணக்காக ஒரே வாசல்தான். போகவர முட்டுப்பட்டு, கதைத்து, கறி மாற்றி... சண்டையும் வரும். பின்னேரத் தேத்தண்ணிக்குள் ஆறிவிடும்.

இப்போது எனக்கு வேறு வளவில் புது வீடு. கம்பி போட்ட தூண், நாலு பக்கமும் பெரிய பெரிய யன்னல், சுவரில் ஒரு கீறல் இல்லை.

அக்கா வருவதென்றால் முதலில் போன் எடுக்கிறாள்... "வீட்டிலை நிக்கிறியோ, வரலாமோ?" என்று கேட்க.