நான்கு மஞ்சள் மிதவைகள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போனால், மகாவலி ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகப்படும்படி ஒரு வளைவு வரும். உல்லாசப் பயணிகளை ஏற்றி ஆற்றைச் சுற்றிக் காட்டுகிற படகுக்காரர்களின் இடம் அது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் பெண்பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். பெயர் அங்கம்மா. பன்விலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள், ஐம்பதைத் தொடப்போகிறவள், நீந்தத் தெரியாதவள். நீந்தத் தெரியாமல் படகு ஓட்ட எப்படித் துணிந்தாய் என்று யாராவது கேட்டால், "படகுக்குத் தெரியும்ல, அது போதும்" என்பாள்.

படகு அவள் கைக்கு வந்ததே ஒரு பிடிவாதத்தில்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலையாய் இருந்த புருஷன் மாரடைப்பில் போனதும் அவனுடைய சேமலாப நிதி இவளுக்கு வந்தது. சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு யோசனையோடு வந்து உட்கார்ந்தார்கள். மாடு வாங்கு என்றார்கள், மகளுக்கு நகை செய்து வை என்றார்கள். இவள் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பைபர் படகு ஒன்றை வாங்கினாள். மலையில் இருக்கிறவளுக்குப் படகு என்னத்துக்கு என்று தோட்டமே வயிறு குலுங்கச் சிரித்தது. ஆற்றோரத்தில் மணல் அரிக்கிற வேலைக்குக் கொஞ்ச காலம் போயிருந்தாள் அவள். அங்கே ஒரு படகுக்காரர் தன் பாட்டுக்கு வந்து தன் பாட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெயர் கூப்பிடவும் ஆளில்லை, பின்னால் நின்று ஏசவும் ஆளில்லை. அந்த வாழ்க்கை அவள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தோட்டத்தில் வேலைக்குப் போகாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. ஆகவே அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆற்றங்கரையில் தகரம் போட்ட ஒற்றை அறை ஒன்றுக்கு வந்து சேர்ந்தாள். மகள் சிந்துஜா பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள், அங்கேயே போர்டிங்கில் தங்கியிருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் அங்கம்மாவுக்கு இந்த உலகத்தில் தனக்கென்று இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். அதை வாங்கியதோடு திரும்பிப் போக இடமில்லாமல் போய்விட்டது என்பது அவளுக்கே தெரியும்.

அந்த வளைவில் படகுகளை இஷ்டத்துக்குக் கட்டுவார்கள். மரத்தில், வேரில், யாரோ வீட்டுக் குளிக்கும் கல்லில், எங்கே கயிறு எட்டுகிறதோ அங்கே. கரை இடிகிறது என்று ஒரு பக்கம் புகார், குளிக்க வழியில்லை என்று இன்னொரு பக்கம் புகார். கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். வந்தவர்களில் முன்னால் நின்று பேசியவர் கௌசிகன் என்ற இளம் பொறியியலாளர், யாழ்ப்பாணத்துக்காரர். நான்கு மஞ்சள் மிதவைகளை ஆற்றில் போட்டுச் சதுரமாக ஓர் எல்லை பிடித்தார். சிங்களத்தில் எல்லாருக்கும் விளக்கிவிட்டு, அங்கம்மாவைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"அம்மா, இந்த நாலு மிதவைக்கும் உள்ளுக்கைதான் இனிப் படகு நிக்க வேணும். கரையில கட்டுறது சரிவராது, நங்கூரம் போட்டு நிப்பாட்டுங்கோ. எல்லைக்கு வெளியில நிண்டா உங்கட இடம் ரத்தாகும். அடுத்த மாசம் நாங்கள் வந்து பார்த்து, உள்ளுக்கை நிக்கிற படகுகளுக்கு நம்பர் குடுப்பம். விளங்கினதோ?"

"வெளங்குச்சிங்க சேர்," என்றாள் அங்கம்மா.

மற்றவர்களுக்கும் விளங்கியது. சட்டம் என்றால் நம்மூரில் எப்படி விளங்குமோ அப்படி விளங்கியது, அதாவது ஏறக்குறைய. அங்கம்மாவுக்கு மட்டும் அது சாமி முன்னால் சூடம் அணைத்துச் செய்த சத்தியமாகப் பதிந்துவிட்டது.

இடம் பிடிக்கிற அன்று ஆண்கள் முண்டியடித்து நல்ல இடங்களில் நங்கூரத்தை இறக்கினார்கள். அங்கம்மா ஒதுங்கி நின்றாள். பிறந்ததிலிருந்து வரிசையின் கடைசியில் நின்று பழகியவளுக்கு முன்னால் போகக் கால் வராது. கடைசியில் மிஞ்சியது கீழ்ப்பக்கத்து மூலை. அங்கே இருந்த தொல்லை என்னவென்றால், கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டுபோய் மிதவைக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிடும். பக்கத்து இடத்துக்காரன் தாஸிம், அக்குறணைப் பையன், நல்ல மனசுக்காரன், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, கயித்த நீட்டி உடுங்க. தண்ணி கூடக் கொறைய படகு அங்க இங்க ஆடும்தானே. அதுக்கு யாரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"ஒங்களுக்குச் சொல்ல மாட்டாங்க தம்பி," என்றாள் அங்கம்மா.

அவளை அசட்டுப் பெண்பிள்ளை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா கறுப்பையா லயத்துக்குப் பின்னால் ஒரு பூசணிக் கொடி போட்டார். கொடி லயத்தின் எல்லையில் ஓடிய கானை, அந்த வடிகாலைத் தாண்டித் தேயிலைக்குள் போய்விட்டது. கொடிக்குக் கான் தெரியுமா, தேயிலை தெரியுமா? ஒருநாள் கங்காணி வந்து, காய் பிடித்திருந்த கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, தோட்டத்து நிலத்தைக் களவெடுத்தான் என்று கறுப்பையாவை ஆபிஸ் வாசலில் நிற்க வைத்தார். கறுப்பையா கைகட்டி நின்றதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி வளர்ந்த ஒருத்தியிடம் போய், எல்லையைத் தாண்டினால் ரத்து என்று சொன்னால் அவள் என்னதான் செய்வாள்?

ஆகவே கயிற்றைக் குறுக்கினாள். பழைய இரும்புக் கடையிலிருந்து தேயிலை மெசினின் உடைந்த ரோதை ஒன்றை வாங்கி, அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தை நங்கூரமாக இறக்கினாள். அது அடியில் இருந்த பாறை இடுக்கில் போய் வசமாக மாட்டிக்கொண்டது. கயிறு நட்டுக்குத்தாக நின்றது. படகின் வால் மிதவைக்கு ஒரு சாண் உள்ளே. காலையில் எழுந்தால் முகம் கழுவுவதற்கு முன்னால் கரையில் நின்று ஒற்றைக் கண்ணைச் சுருக்கி அந்த ஒரு சாணைப் பார்ப்பாள். சவாரி முடிந்து திரும்பிவந்து கட்டிய பிறகும் பார்ப்பாள். தாஸிம் சிரிப்பான். மகளிடம் போனில் பேசும்போது, நம்பர் கிடைத்துவிட்டால் இனி யாரும் என்னை எழும்பு என்று சொல்ல முடியாது என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள்.

அதிகாரிகள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல்நாள் நாவலப்பிட்டிப் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் ஆறு பால் தேத்தண்ணீர் நிறத்தில் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் படகுகள் எல்லாம் நீண்ட கயிற்றில் எழும்பி, எல்லையை விட்டு வெளியே போய் ஹாயாக ஆடிக்கொண்டிருந்தன. அங்கம்மாவின் படகு மட்டும் எல்லைக்குள் இருந்தது. தண்ணீர் ஏறியிருந்தது, கயிறு ஏறவில்லை. படகின் மூக்கைக் கயிறு கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலைக்கும் முன்பக்கத்தால் தண்ணீர் உள்ளே விழுந்தது.

கரைக்கும் படகுகளுக்கும் போய்வர எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்ன வள்ளம் இருந்தது. தாஸிம் அவளை அதில் ஏற்றிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்பு வலித்துப் போய்ச் சேர்ந்தான். அங்கம்மா படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்தாள். இறுகிப்போன முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. தாஸிம் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"வெட்டுங்க அக்கா."

அவள் கத்தியைக் கயிற்றில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். தலையைத் திருப்பி மிதவையைப் பார்த்தாள்.

"வெட்டுனா போயிருமே தம்பி. இன்னிக்கித்தான பாக்க வாறாங்க."

"போனா போகட்டும், கீழுக்குப் புடிச்சிக்கொள்ளலாம். நாங்க இத்தன பேரு ஈக்கோம்தானே. வெட்டுங்க."

"அவுங்க வரயில வெளிய நின்னா? இத்தன நாளு உள்ள வச்சிருந்தேனே. கொஞ்ச நேரந்தான், அவுங்க ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா வெட்டிர்றேன்."

"அக்கா, தண்ணி நிக்காது அக்கா. கத்தியத் தாங்க."

தாஸிம் கையை நீட்டினான். அவள் கத்தியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன வள்ளத்தில் இழுபறிக்கு இடமில்லை, இரண்டுபேரும் ஆற்றோடு போக வேண்டியதுதான். அவன் துடுப்பைப் பிடித்தபடி கெஞ்சினான், பிறகு ஏசினான். அவள் வள்ளத்தில் இருந்தபடியே வாளியை எடுத்துப் படகிலிருந்த தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். ஒரு வாளி வெளியே போனால் நான்கு வாளி உள்ளே வந்தது. கரையையே பார்த்துப் பார்த்து இறைத்தாள், வாகனம் ஏதாவது வருகிறதா என்று. "வந்துருவாங்க, இப்ப வந்துருவாங்க" என்று படகிடம் சொல்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

பிறகு மூக்கு முழுதாகத் தண்ணீருக்குள் போனது. அதன்பின் கத்தியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, கயிறு இருந்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. வால்பக்கம் ஒருதரம் எழும்பி, அதில் பூட்டியிருந்த எஞ்சினோடு அமிழ்ந்தது. சிவப்பு உயிர்காப்பு அங்கிகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே வந்து, எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அங்கம்மா அழவில்லை. விளிம்பைப் பிடித்திருந்த கை அப்படியே விரிந்தபடி இருந்தது. தாஸிம்தான் அழுதான்.

கௌசிகனும் ஆட்களும் வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். வெளியே போய் ஆடிக்கொண்டிருந்த படகுகளைப் பார்த்தார் அவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு பெருகினால் படகு ஆடத்தானே செய்யும், நங்கூரங்கள் எல்லைக்குள் இருக்கின்றன, அது போதும். நம்பர் தகடுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். தாஸிமுக்கும் கிடைத்தது. எல்லாரும் வாங்கிய பிறகு, ஈரச் சேலையோடு வரிசையின் கடைசியில் நின்றவள் முன்னால் வந்தாள்.

"உங்கட படகு எங்கை அம்மா?"

"உள்ளதான் சேர் இருக்கு," என்று கையை நீட்டினாள் அங்கம்மா. "எல்லைக்குள்ளதான் இருக்கு. ஒரு சாண்கூட வெளிய போகல. வேணும்னா இவுங்கள கேட்டுப் பாருங்க."

அவர் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். மஞ்சள் மிதவை ஆடிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. தாஸிம் தலையைக் குனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்தவர் அங்கம்மாவின் பக்கம் திரும்பினார்.

"கயிறை வெட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையோ அம்மா?"

"சொன்னாங்க சேர். வெளிய நின்னா ரத்துன்னு நீங்க சொன்னீங்கள்ல."

"நான் சொன்னது..." என்று தொடங்கினார். ஆற்றைப் பார்த்தார், கையில் மிஞ்சியிருந்த தகட்டைப் பார்த்தார். மிதக்காத படகுக்கு நம்பர் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"எனக்கு நம்பர் குடுப்பீங்களா சேர்?" என்று கேட்டாள் அங்கம்மா.

அவர் தகட்டை விரல்களில் புரட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டறியாதவள், இன்னும் ஓர் அடி முன்னால் வந்து, மறுபடியும் அதையே கேட்டாள்.