கருவாட்டுக்கு எதற்குத் தலைவர் படம்

இணையத்தில் ஏதாவது வாங்கலாம் என்று ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் மூலையில் மஞ்சள் நட்சத்திரம் மினுக்கினால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அந்த மாதிரி நட்சத்திரங்களை நானே செய்திருக்கிறேன். அதனால் வருகிற கோபம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கடலூரில் ஓட்டலில் இலை எடுத்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் எண்ணெய் பட்டு உள்ளங்கைத் தோல் உரிந்தது. திருவதிகைக்காரர் ஒருவரின் லாரியில் கிளீனராகப் போனேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. பிறகு கடலூரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் சவுக்குக் கம்பு கட்டும் வேலை. டிசைன் செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சென்னைக்குப் போனதும் நாற்காலி எனக்கு வந்தது.

2010இல் முதலாளி சிதம்பரத்தில் கிளை போட்டார். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். அச்சடிக்கும் மெஷின் கடலூரிலேயே இருந்தது. ‘வெப்சைட் செய்து தரப்படும்’ என்ற பலகையை அவரே வாசலில் மாட்டினார். எனக்கு அந்த வேலை தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

அந்தப் பலகையைப் பார்த்து வந்த முதல் ஆள், பரங்கிப்பேட்டையில் கருவாடு விற்கும் ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். வாசனை அவரோடு வந்தது. முதலாளி ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அக்கா சொன்ன விஷயம் தெளிவாக இருந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். லீவு முடிந்து திரும்புகிறவர்கள் கையில் கருவாட்டுப் பொட்டலம் இல்லாமல் போவதில்லை. அங்கே இருப்பவர் பக்கத்தைப் பார்த்து போன் செய்தால், இவர் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். அடுத்து விமானம் ஏறுகிறவர் எடுத்துப் போவார். அந்த வருடம் வெயில் நன்றாக இருந்ததால் நெத்திலியும் வஞ்சிரமும் சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலும் நிறைய வாங்கிக் காயவைத்து, ஓட்டு வீட்டு அறை ஒன்றில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார். ஐப்பசி மழைக்குள் அது விற்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அது தெரிந்த வியாபாரி ஒருவர் வருடா வருடம் முதல் மழைக்குக் காத்திருப்பார். மேகம் கறுத்ததும் வேனோடு வந்து பாதி விலை சொல்லுவார். இந்த ஒரு வருடமாவது அவரிடம் கையேந்தக் கூடாது என்பதுதான் அக்காவின் கணக்கு.

“ஜம்முனு செஞ்சிடலாம்மா” என்றார் முதலாளி. “டிசைனைப் பாத்தே துபாய்ல எச்சில் ஊறும்.”

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எனக்குத் தெரிந்தது பேனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் போடுகிற மாதிரி நீல மேகம், ஒளிவட்டம், தங்க எழுத்து. நடுவில் கடலிலிருந்து துள்ளும் ஒரு மீன். விலை, அக்காவின் போன் நம்பர் எல்லாம் கடைசியில். முழுப் பக்கத்தையும் ஒரே படமாக, அதுவும் இருபதடி பேனருக்கு வைக்கிற கனத்தில் ஏற்றி வைத்தேன். வேறு எப்படிச் செய்வார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

முதலாளி வந்து பார்த்தார். “மேல காலியா இருக்கே. தலை எங்கடா?”

“கருவாட்டுக்கு என்னண்ணே தலை?”

“கண்ணீர் அஞ்சலிக்கே அஞ்சு தலை வெக்கிறோம். கருவாடுன்னா கேவலமா?”

அவர் கொடுத்த படம், அவர் கட்சியில் உள்ளூர்த் தலைவராக இருந்தவருடையது. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பெரிய மீசை. கிளைக்கு இன்னும் நடத்தாமல் இருந்த திறப்பு விழாவுக்கு அவரை அழைத்துவரும் யோசனை முதலாளிக்கு இருந்தது. பக்கத்தின் மேல் பாதி முழுக்க அந்த முகம்.

அக்கா வெகுநேரம் திரையைப் பார்த்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல கருவாடு எங்க?”

“மீன் இருக்குல்ல?” என்றார் முதலாளி.

“அது உயிரோட இல்ல இருக்கு?”

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

பக்கத்தின் முகவரியைச் சின்னச் சீட்டுகளில் அடித்துக் கொடுத்தோம். அக்கா வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். மூன்று வாரம் ஒரு போனும் இல்லை. அவர் கடைக்குத் திரும்பி வந்தபோது முதலாளி சொன்னது: “டிசைன் பத்தலம்மா.” மினுக்கும் நட்சத்திரம் ஒன்று, ஓடும் எழுத்து, திறந்தவுடன் நாதஸ்வரம். எல்லாவற்றையும் நான்தான் சேர்த்தேன்.

அதற்கடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் அக்காவுக்குப் போன் செய்தார். வீட்டில் மனைவியிடம் நம்பர் வாங்கிப் பேசுவதாகச் சொன்னாராம். அக்கா அவரைக் கடை நம்பருக்குப் பேசச் சொல்லியிருந்தார். நான்தான் எடுத்தேன்.

“பாய், ரூம்ல ஒரு கம்ப்யூட்டரு. ஆறு பேரு. ஆளுக்குக் கால் மணி நேரம். உங்க பக்கத்தைத் தொறந்தேன், மொதல்ல நாதஸ்வரம். எல்லாரும் யாருக்குக் கல்யாணம்னு கேக்குறான். அப்புறம் ஒரு நெத்தி வந்துச்சு. கொஞ்சம் பொறுத்து கண்ணு. மீச பாதி வரும்போது என் நேரம் முடிஞ்சிடுச்சு. யாரு அவரு, கருவாட்டுக்காரரா?”

போனை வைத்துவிட்டு, தெருக்கோடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனேன். எங்கள் பக்கத்தை முதல்முறையாக வெளியிலிருந்து திறந்து பார்த்தேன். எங்கள் கடையில் அது கண்மூடித் திறப்பதற்குள் வரும். படம் எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, வராமல் என்ன செய்யும்? இங்கே நெற்றி இறங்குவதற்குள் பக்கத்துச் சீட்டில் இருந்தவன் பரீட்சை ரிசல்ட் பார்த்து, அழுது, எழுந்து போய்விட்டான். ஒரு மாதமாக ஒரு ஆள்கூட விலையைப் பார்த்திருக்க முடியாது.

முதலாளியிடம் சொல்லவில்லை. அந்த சென்டரை வைத்திருந்தவரிடம் கேட்டுக்கேட்டு, படமே இல்லாத ஒரு பக்கம் செய்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து. மீன் பெயர், விலை, போன் நம்பர். உடனே திறந்தது. போனும் வந்தது. ஆனால் யாரும் வாங்கவில்லை. நெத்திலி எவ்வளவு நீளம், வஞ்சிரம் எவ்வளவு தடிமன், உப்பு போட்டதா போடாததா, மண் இருக்குமா என்று கேட்டுவிட்டு, “பாத்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்கள். டிசைனே வேண்டாம் என்று நான் எடுத்த முடிவும் அக்காவின் தலையில்தான் விடிந்தது.

அக்கா சொன்னார்: “சந்தையில நான் பேச மாட்டேன் தம்பி. கையில அள்ளிக் காட்டுவேன். வயித்தப் பிளந்து காட்டுவேன். அவுங்களே எடை போடச் சொல்லிடுவாங்க.”

மறுநாள் கேமரா வைத்த போனை இரவல் வாங்கிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போனேன். முற்றத்து வெயிலில், சாம்பல் நிறச் சாக்கின் மேல் ஒவ்வொரு கருவாடாகப் படம் எடுத்தேன். அக்கா அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியைக் கொண்டுவந்து வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது எதுக்குக்கா?”

“அங்க இருக்கறவனுக்கு என் கை எவ்ளோ பெருசுன்னு தெரியாது. தீப்பெட்டி தெரியும்.”

சின்னச் சின்னப் படங்களாகப் போட்டேன். பிளந்த வயிறு ஒன்று. உப்புப் போட்டதையும் போடாததையும் பிரித்து நடுவே ஒரு நீலக் கோடு. நம்பரைப் பக்கத்தின் தலையிலேயே பெரிதாக. அந்த முதலாளியிடம் இருந்த எட்டு வருடத்தில் நான் செய்த டிசைன்களில் எதற்காவது டிசைன் என்று பேர் சொல்லலாம் என்றால் அதற்குத்தான். அந்த வாரமே அக்கா நாலு வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுபோனார். அடுத்த வாரம் எண்ணிச் சொல்ல நேரமில்லை என்றார். மூட்டைகள் குறையத் தொடங்கின.

ஐப்பசி பிறந்தது. காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேனர் கட்ட என்னை அனுப்பினார் முதலாளி. மூன்று நாள். திரும்பி வந்தபோது கடை வாசலில் எட்டடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. என் பழைய பக்கம்! மேகம், துள்ளும் மீன், மீசை. கீழே ‘எங்களின் வெற்றிப் படைப்பு’ என்று எழுதியிருந்தது. கடலூரிலிருந்து அடித்து வரவழைத்திருந்தார். மறுநாள் திறப்பு விழா, தலைவர் வருகிறார்.

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். இணையத்திலும் பழையதையே மாற்றி வைத்திருந்தார்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?”

“நீ என்னடா பண்ணி வச்சிருந்த? சாக்கு, தீப்பெட்டி... துக்க நோட்டீஸு கூட இதவிட நல்லா இருக்கும். தலைவரு தொறந்து பாத்தா அவரு மூஞ்சி இருக்க வேணாமா?”

“போன் வந்துட்டிருந்துச்சுண்ணே.”

“விழா முடியட்டும், மாத்திக்க. கருவாடு எங்க ஓடிடப் போவுது?”

அன்று மாலை மழை பிடித்தது. அக்கா கடை நம்பருக்குப் பேசினார். மூன்று நாளாக ஒரு போனும் இல்லை, ஏன் தம்பி என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தத் தலைவரு ஒரு கிலோ வாங்கிக்குவாராமா?” என்றார். பிறகு, “ஓடு ஒழுவுது தம்பி. மூடப் பெருசா ஏதாச்சும் இருக்கா?”

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பழைய பக்கத்தை எடுத்துவிட்டு அக்காவின் பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். அதை மாற்றுகிற பாஸ்வேர்டையும் புதிதாக வைத்து, சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டேன். வாசல் ஃப்ளெக்ஸை ஓரக் கயிறோடு அறுத்துச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு பரங்கிப்பேட்டை பஸ் ஏறினேன். அந்தக் கடைக்கு நான் திரும்பிப் போகவில்லை.

ஓடு மூன்று இடத்தில் ஒழுகியது. ஓரத்து மூட்டைகள் நனைந்திருந்தன. மீதியின் மேல் ஃப்ளெக்ஸை இழுத்து மூடினோம். மீசையின் மேல் தண்ணீர் சொட்டி வழிந்து தரைக்கு ஓடியது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பாஸ்வேர்டு சீட்டை அக்கா உப்பு ஜாடிக்குப் பின்னால் செருகினார்.

அந்த மூன்று நாளில் போயிருக்க வேண்டியது அப்படியே கிடந்தது. வியாபாரி இரண்டாம் நாள் வேனோடு வந்தார். நனைந்த மூட்டைகளைப் பாதிக்கும் கீழே பேசினார். அக்கா கொடுத்துவிட்டார், வேறு வழி இல்லை. ஃப்ளெக்ஸுக்கு அடியில் இருந்ததையும் அவர் குறிவைத்தார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, “இதயும் ஏத்திடலாமே. யாரு இது, உன் வூட்டுக்காரரா?” என்றார்.

“அது கருவாட்டுக்கு டிசைனு” என்றார் அக்கா. “கைய எடுங்க. அது போன்ல விக்கும்.”