மைதீன் பிச்சையின் படபடப்பு

மைதீன் பிச்சைக்கு ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. 1982இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நூர்பானுவோடு நிக்காஹ் நடந்தபோது, நிக்காஹ் ஓதிய ஹஜ்ரத் சம்மதம் கேட்டதும் அவர் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. பேச்சே எழவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

“மாப்பிள்ளைக்குப் பொண்ணு மேல அம்புட்டு ஆசை” என்று சபை சிரித்தது. நூர்பானு அதை நம்பினாள். சண்டை போட்ட நாட்களிலும் அதை நினைத்துத்தான் சோறு வைத்தாள்.

கடையில் துணி கிழிக்கும்போதும் அவருக்கு அந்தப் படபடப்பு வரும். யாரிடமும் சொன்னதில்லை. 1996இல் கடையிலேயே மயங்கி விழுந்தபின் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் பின்பக்க ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, இடது மேலறையில் துடிப்புக்கான மின்சாரம் ஓடுவதைத் திரையில் பார்த்தார்கள். டாக்டர் வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்தார்.

“உங்களுக்கு வழக்கமா வர்றது இதுதானா?”

“இதேதான் சார். நிக்காஹ் அன்னைக்கு வந்ததும் இதான்.”

மின்சாரம் திரும்பிச் சுற்றிவர இடப்பக்கம் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருந்ததாம்; படபடப்பு அதனால்தானாம். அதைச் சுட்டு அடைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் அப்படியே சொன்னார். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“ரெண்டாவது தடவை கேக்கையில அது நின்னுருச்சா மச்சான்?”

“இல்ல. எப்படா போய்ப் படுப்போம்னு இருந்துச்சு. அதான் சம்மதம்னு சொல்லிட்டேன்.”

நூர்பானு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று மைதீன் பிச்சை நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது சீராக அடித்துக்கொண்டிருந்தது.