ஹுபாரா இறங்கிய தேதி

பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை. ஃபோர்மேன் அண்ணன் என் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் குறிப்பேட்டை விரல்வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அல் ஐனுக்கு வெளியே ஒட்டகத் தீவனப் புல் வளர்க்கும் தோட்டத்தில் எனக்கு பம்ப் ரூம் வேலை. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரரான அவர்தான் அந்தக் கேம்ப்பில் என் எழுத்தைக் கேலி செய்யாத ஒரே மனிதர்.

ஹுபாரா ஒரு பாலைவனப் பறவை. வான்கோழியைவிடச் சிறியது, மணல் நிறம், நின்றால் கல்லா பறவையா என்று தெரியாது. குளிர் முடிந்து வடக்கே திரும்பும் வழியில் எங்கள் புல்வெளியின் கிழக்கு ஓரத்தில் சில நாட்கள் தங்கும். ஆண் பறவை கழுத்தின் வெள்ளை இறகுகளைச் சிலிர்த்து, தலையை அதற்குள் புதைத்துக்கொண்டு, முன்னால் என்ன இருக்கிறது என்றே பாராமல் ஓடும். மூன்று வசந்தங்களாக அவை இறங்கிய நாள், காற்றின் திசை, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன்.

"இந்த வருசம் எப்ப வரும், மக்கா?"

"பங்குனி பொறந்து நாலாம் நாள், அண்ணே. ஒரு நாள் முன்னப்பின்ன இருக்கும்."

"நம்ம தண்ணி லாரிக்கு இப்படி ஒரு தேதி இல்லியேல!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். குறிப்பேட்டை இரண்டு நாள் இரவல் கேட்டார். என் எழுத்துக்கு ஒரு வாசகர் கிடைத்த சந்தோஷத்தில் கொடுத்தேன்.

பங்குனி மூன்றாம் நாள் என்னை மேற்குக் கோடி பம்ப்புக்கு மாற்றினார். மோட்டாரில் ஏதோ கோளாறு, நீ பார்த்தால்தான் சரிவரும் என்றார். மறுநாள் முழுக்க நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாருக்குக் காவல் இருந்தேன். தூரத்தில் ஜீப்புகளின் சத்தம் கேட்டது. முதலாளி வீட்டார் உலாவ வந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மாலையில் ஒரு தட்டு நிறையச் சோறும் கறியுமாக ரூமுக்கு வந்தார். பசி. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"எப்படி இருக்கு? ஒனக்க பட்சிதான் மக்கா. ஒனக்க தேதி ஒரு நாளும் பிசகல்ல. ஒம்பது புடிச்சாவ. இப்படி ஒரு வேட்டை வருசக்கணக்கா இல்லன்னு முதலாளிக்க மூத்தவன் என்னைக் கெட்டிப் புடிச்சிட்டான்."

அவர் முகத்தில் துளியும் குற்ற உணர்வு இல்லை. என்னைப் பாராட்டுவதாகவே நினைத்திருந்தார். வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளோடு ஜீப்புகளில் வந்தவர்களுக்கு, முதல் வண்டியில் உட்கார்ந்து இடம் காட்டியவர் அவர். நான் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினேன். அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் அந்த ருசி இருக்கும்போது என்ன கேட்பது?

அவ்வளவு நாள் கெஞ்சியும் கிடைக்காத குடும்ப விசா அந்தக் கோடையிலேயே அவருக்குக் கிடைத்தது. முதலாளியின் அஜ்மான் வீட்டுக்கு மேற்பார்வையாளர் ஆனார். ஒருமுறை போயிருந்தேன். அவருடைய மகள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "ஒங்க எழுத்தாலதான் நாங்க இஞ்ச ஒண்ணா இருக்கோம்னு சொல்லாத நாளில்ல," என்று அண்ணி மீன்குழம்பை என் தட்டில் மேலும் ஊற்றினார். அந்த வீட்டில் எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வசந்தத்தில் நான்கு பறவைகள் வந்தன. எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் தேதியைத் தள்ளி எழுதினேன், யார் கையில் கிடைத்தாலும் பயன்படக் கூடாதென்று. ஆறு வருடம் அப்படி. எந்த வருடம் முன்னால் தள்ளினேன், எதைப் பின்னால் தள்ளினேன் என்பதை மனதில் மட்டும் வைத்திருந்தேன்.

நான் ஊர் திரும்பிப் பல வருடமாகிவிட்டது. சென்ற மாதம் எங்கள் ஊர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அந்தக் குறிப்புகளைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தும் எந்த வருடத்தை எவ்வளவு தள்ளினேன் என்பது எனக்கே நினைவுக்கு வரவில்லை. முதல் நான்கு வருடப் பக்கங்களை மட்டும் கொடுத்தேன். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பறவைகள் வரவில்லை என்றேன்.