நான் பார்க்காத கடைசிக் காட்சி

மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து என்னை உட்காரவைத்தார் என் வீட்டுக்காரர். மேட்னி ஷோவுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. கொலைப் படம் என்றார்கள். ஆனால் சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை, யார் வருவார்கள்? கான்ஸ்டபிளாக இருந்த அவர் சினிமாவுக்கெல்லாம் கூப்பிடுகிற ஆளே இல்லை. அன்று மட்டும், "நான் ஒருவாட்டி பாத்துட்டேன், நீயும் பாரு வா" என்று பிடிவாதமாக அழைத்துப் போனார். நானோ மில்லில் காலை ஷிப்டு முடித்து வந்தவள். இடைவேளை முடிந்ததுமே கண் சொக்கிவிட்டது.

முந்தின வாரம்தான் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன்கூடை தூக்குகிற ஒருவனைக் கொலைக் கேசில் பிடித்திருந்தார்கள். அவன் வீட்டில் கத்தி கிடைத்ததாக இவர் கையெழுத்துப் போட்டிருந்தார். உண்மையில் கத்தி கிடைக்கவே இல்லை. கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். "வேல போச்சுன்னா ரெண்டு பொண்ண வச்சிக்கினு எங்க போறது? வாய மூடிக்கினு இருங்க" என்றேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும்தான் விழித்துக்கொண்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூங்கியதைக் கவனிக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "கடைசியில அவன் பொண்டாட்டி சொன்னத கேட்ட இல்ல? நீ இன்னா சொல்ற?" என்றார். ஆசையாகக் கூட்டி வந்தவரிடம் தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "சினிமால ஆயிரம் சொல்லுவாங்க" என்று சமாளித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு கோர்ட்டில் எழுதிக் கொடுத்தபடியே சொன்னார். அந்த ஆளுக்கு ஆயுள் தண்டனை. படத்தையும் மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள்.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. இப்போதெல்லாம் எதையும் உட்கார்ந்து பார்க்கவே அலுப்பாக இருக்கிறது. போன வாரம் பெரிய மகள், "இந்தப் படத்த இப்ப எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்கம்மா" என்று அன்றைக்குப் பார்த்த அதே படத்தை டிவியில் போட்டுவிட்டாள். நல்ல படம்தான், பொய் சொல்லக்கூடாது. கொலையைக் காட்டவே இல்லை. ஒரு போலீஸ்காரன் பூட்ஸைக் கழற்றி வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறான். பொய் எழுதிய கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். எந்தப் படத்தில் இதையெல்லாம் காட்டினார்கள்? அந்த நாட்களில் இவரும் தண்ணீர்த் தொட்டியண்டை அப்படித்தான் நிற்பார். சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன். என்ன பொம்பளை நான்!

கடைசியில் அந்தப் போலீஸ்காரன் சாட்சி சொல்லக் கிளம்புகிறான். இஸ்திரி போட்ட சட்டையை நீட்டிக்கொண்டே அவன் பெண்டாட்டி சொல்கிறாள்: "உள்ளத சொல்லிட்டு வாங்க. வேல போனா நான் பாத்துக்கறேன்."

நானும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள்தானே. இந்த ஒரு வார்த்தையை என்னிடம் வாய்விட்டுக் கேட்க முடியாமல்தான் மனுஷன் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

"நீயும் அப்பாவும் பாத்த படந்தான இது?" என்றாள் மகள்.

"அவுரு பாத்தாரு. நான் தூங்கிட்டேன்" என்றேன்.