பதினோரு நாள் மூடிக் கிடந்த மக்காச்சோளம்

தார்ப்பாயை அவிழ்ப்பதா, அப்படியே விடுவதா? தெற்கு சூடானில் ஒரு செம்மண் சாலையோரம், மறித்து நிறுத்தப்பட்ட லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்தும் கதிர்வேலுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அவர் நாமகிரிப்பேட்டைக்காரர். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரி ஏறியவர். இருபது வருடம் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஓட்டினார். மகள் தனப்பிரியாவை நர்சிங் படிக்கவைக்க உகாண்டா போனார். அங்கே லாரிகள் வைத்திருக்கும் திருச்செங்கோட்டுச் சின்னுசாமிதான் முதலாளி. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தவர்களின் முகாம்களுக்கு, எல்லை தாண்டி உணவு மூட்டை கொண்டுபோகும் வேலை.

அந்தத் தடவை மக்காச்சோள மூட்டை ஏற்றும்போதே தூறல் பிடித்தது. சாக்குகள் லேசாக நனைந்தன. கதிர்வேல் ஊர் வழக்கப்படி தார்ப்பாயை இரட்டையாகப் போட்டு, மூலைகளை உள்ளே செருகி, காற்றுகூட நுழையாதபடி கயிற்றை இறுக்கிக் கட்டினார். கூட வந்த இரண்டு வண்டிகளிலும் தார்ப்பாய் கிழிசல். அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். முடிச்சின் மேல் உணவு அனுப்பும் அமைப்பின் அதிகாரி சீல் வைத்தார். முகாமில்தான் அதை உடைக்க வேண்டும். இரண்டு நாள் பயணம்தானே என்று கிளம்பிவிட்டார்.

பாதி வழியில் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். முன்னால் சண்டையாம். பகலெல்லாம் வெயில், சாயங்காலமானால் மழை. நாலாம் நாள் தார்ப்பாய்க்கு அடியில் சிரமப்பட்டுக் கையை நுழைத்தார். சாக்கு சுட்டது. புளித்த வாடை அடித்தது. அந்த வாடை அவருக்குத் தெரியும். ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில், பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற கோழிகள் கொட்டகை கொட்டகையாகச் செத்ததை நேரில் பார்த்தவர் அவர்.

சின்னுசாமிக்குப் போன் போட்டார்.

"அண்ணா, சரக்கு சூடேறுதுங்கண்ணா. ஒரு மத்தியானம் தெறந்து காத்தாட உட்டாப் போதுங்க."

"சீல ஒடச்சா திருட்டுக் கேசு. புடிச்சு உள்ள வெச்சுருவானுங்க. தொடாத."

"இதக் கோழிக்கே போட மாட்டாங்கண்ணா."

"நீ என்ன கோழிக்கா கொண்டு போற? மனுசனுக்குடா. அதையெல்லாம் பாக்கறதுக்கு ஆளு இருக்குது."

அதற்குப் பிறகும் இரண்டு முறை முடிச்சில் கை வைத்தார். துப்பாக்கிக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். கையை எடுத்துவிட்டார்.

பதினோராம் நாள் வழி விட்டார்கள். முகாமில் நானூறு குடும்பங்கள் வரிசையில் காத்திருந்தன. கிழிசல் வண்டிகளில் மேல் வரிசை மட்டும் கெட்டிருந்தது. மற்றது காற்றுப் பட்டுத் தப்பியிருந்தது. கதிர்வேலின் வண்டியில் பாதிக்கு மேல் பச்சையும் கறுப்புமாகக் கட்டி பிடித்துக் கிடந்தது. உணவு பங்கிட வந்த ஊழியர்கள் அதை ஒதுக்கி, குழி வெட்டிக் கொட்டி, மண் போட்டு மூடினார்கள். நல்ல மூட்டைகள் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களோடு தீர்ந்தன. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று ஊழியர்கள் ஜீப்பில் போய்விட்டார்கள்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள், வெறுங்கையோடு நின்றவர்கள் குழியைத் தோண்ட ஆரம்பித்தார்கள். கதிர்வேல் ஓடினார். அவர்கள் பாஷை அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று தமிழில் கத்தினார். கைகளைச் சிறகு மாதிரி அடித்து, கொக்கரித்து, கழுத்தைத் தொங்கவிட்டுத் தரையில் சாய்ந்து காட்டினார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். ஒரு பெண் மடி நிறைய அந்த மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டு, எழுந்திருக்கச் சொல்லி அவருக்குக் கை கொடுத்தாள். அவர் எழுந்து, அவள் மடியைப் பிடித்து இழுத்துக் கொட்டப் பார்த்தார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு ஆண்கள் அவரைத் தோளைப் பிடித்து லாரிவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். குடிசைகளில் ஒவ்வொன்றாக அடுப்பு புகைந்தது.

அவர்களுக்கு என்ன ஆயிற்றென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. இதைப் படித்தவர்கள் மூட்டை ஏற்றுகிற ஒருவருக்காவது, சீல் வைக்கிற ஒருவருக்காவது, நனைந்த மூட்டையைக் காற்றுப் புகாமல் மூடக் கூடாது என்று சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.