பொலித்தீன் கழற்றாத அங்கிகள்

தில்லைநாதன் உயிர்காப்பு அங்கிகளைச் சுற்றியிருக்கும் பொலித்தீனை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். நிறுவனம் ஒன்று அவற்றைத் தந்து ஒரு வருடமாகிறது. பொலித்தீனுக்கு இன்னும் வயது போகவில்லை. பூநகரிக் கரையில், மீனவர் சங்கக் கட்டடத்தில், ஞாயிறு பின்னேரங்களில் அவர் நடத்தும் படகுப் பாதுகாப்பு வகுப்பு இந்தத் துடைப்போடுதான் தொடங்கும். வள்ளக்காரர்கள் கொட்டாவி விட்டபடி பொறுமையாக இருப்பார்கள்.

"ஒருத்தரும் எனக்குச் சம்பளம் தாறேல்லை. இது தொண்டு!" என்பது முதற்பாடம். அதை அவர் ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை. மனிதர் நெல் விதைத்தவர்; தண்ணீரோடு அவருக்கிருந்த பழக்கம் வாய்க்காலோடு சரி. கிளிநொச்சியில் ஏதோ பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடும் வெள்ளைத் தொப்பியோடும் திரும்பினார். அன்றிலிருந்து கிணற்றடிக்குப் போவதென்றாலும் தொப்பிதான்.

அடுத்தது திசையறிதல். எல்லோருக்கும் தெரியவேண்டுமென்று திசைகாட்டியை இரும்பு அலுமாரியின் மேலே வைப்பார். ஊசி இரும்பை மோப்பம் பிடித்துத் திரும்பும். "அந்தா வடக்கு!" என்று கைநீட்டுவார். அந்தக் கணக்கில் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டவன் மன்னாரில்தான் போய் இறங்குவான். வள்ளக்காரர்கள் தலையாட்டுவார்கள். குடிக்கப் பிளேன்ரீயும் கடிக்கப் பணிசும் வருமென்றால் எந்தப் பக்கம் வடக்கானாலும் அவர்களுக்குச் சம்மதம்.

கடைசிப் பாடத்துக்கு ஓர் அங்கி மட்டும் உறை நீங்கி வெளியே வரும். அதை அணிந்து காட்டுகிறவள் சுகந்தினி, நண்டுக்குப் போகும் லக்ஷனின் மனைவி. அங்கியில் ஒரு விசில் தொங்கும். ஆபத்தென்றால் அதை ஊத வேண்டும் என்று விளக்குவார். அவள் அதை வாயருகே கொண்டுபோனாலோ, "ஊதாதையுங்கோ பிள்ளை, எச்சில் படும்!" என்று பதறிப்போவார்.

அவர் வீட்டுக் கதிரைகளும் உறை கழற்றாதவைதான். வெயில் காலத்தில் அங்கே போய் இருந்தவர்கள் எழும்பினால் கதிரையும் சேர்ந்து எழும்பும். மனைவி பத்மாசனி சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார்.

போன கிழமை சோளகக் காற்றில் லக்ஷனின் வள்ளம் கவிழ்ந்தது. வலை போய்விட்டது. மிதந்த வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவனை இன்னொரு வள்ளம் கண்டு தூக்கியது. இந்த ஞாயிறு இரவல் வலையோடு மறுபடி இறங்கப் போகிறான். காற்று விட்டபாடில்லை.

வகுப்பு முடியும் நேரம், அங்கியோடு நின்றபடியே சுகந்தினி கேட்டாள். "சேர், இதை இவருக்குத் தாங்கோவன்."

"தந்த நிறுவனக்காரர் வந்து பாக்கேக்கை புதுசா இருக்க வேணும் பிள்ளை. உப்புத்தண்ணி பட்டால் நிறம் போயிடும்."

"ஆள் போனால் பரவாயில்லையோ?"

தில்லைநாதனுக்குச் சுருக்கென்றது. அங்கிகள் அடுக்கிய அலுமாரித் தட்டில் ஒரு வெற்றிடத்தை நினைத்துப் பார்த்தார். அது இன்னும் பலமாகச் சுருக்கென்றது. "வகுப்பு முடிஞ்சுது, கழட்டுங்கோ," என்றார்.

சுகந்தினி கழற்றவில்லை. அங்கியோடு படியிறங்கிக் கரைக்கு நடந்தாள். சேர் பின்னால் ஓடினார், தொப்பி பறந்தது. அவர் போய்ச் சேருவதற்குள் அவள் அதைக் கழற்றி, வள்ளத்தில் நின்ற கணவனுக்கு மாட்டிவிட்டாள்.

"மூண்டு பெல்ற்றையும் இறுக்கோணும் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்?"

இறுக்கினாள். இத்தனை மாதமாக அவர் நடத்திய பாடத்தை ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். கொட்டாவிக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எஞ்சின் இரைந்தது.

தில்லைநாதன் கட்டடத்துக்குத் திரும்பினார். கடலிலிருந்து விசில் கேட்டது, நீளமாக, எச்சில் நிறைய. மேசையில் கிடந்த வெற்றுப் பொலித்தீன் உறையை எடுத்தார். ஈரத்துணியால் துடைத்தார். பழைய மடிப்பிலேயே மடித்து, அலுமாரியில் அதன் இடத்தில் வைத்துப் பூட்டினார். பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.